கடைசியாகப் பூட்டிய இன்ஜின்

வளையல் ஏறவில்லை. சொக்கம்மாள் சோப்பு நுரையை ரமாபாயின் மணிக்கட்டு வரை தடவி, முழங்கையைத் தன் தொடையில் முட்டுக்கொடுத்து, விரல்களைக் கூட்டிப் பிடித்து நெரித்தாள். கண்ணாடி வளையல் கட்டைவிரல் முட்டியோடு நின்றுகொண்டது. பக்கத்தில் ஐஸ் பெட்டிக்குள் பக்தவச்சலம், மூக்கில் பஞ்சோடு, இது எதிலும் பட்டுக்கொள்ளாமல் கிடந்தான்.

"இன்னாமே கையி இது, கடப்பாற மாதிரி கீது," என்றாள் சொக்கம்மாள். அவள் செத்தவனின் அக்கா.

"கிராங்க் தூக்கற கையி. வுடு அக்கா, போட்டு இன்னா ஆவப்போது."

"போடாம எத்த ஒடைக்கறது?"

உடைப்பதற்காகப் போட வேண்டுமாம். ரமாபாய்க்கு இந்தச் சடங்கின்மேல் கடுகளவும் மரியாதை கிடையாது. அவள் அப்பா சட்டமேதையின் மனைவி பெயரை அவளுக்கு வைத்தபோதே புளியந்தோப்பு வீட்டிலிருந்து இதையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டார். ஆனால் வாழ்க்கைப்பட்ட இடம் திருவொற்றியூர், நாத்தனார் சொக்கம்மாள். காலையிலிருந்து ஒப்பாரி வைத்துத் தொண்டை கட்டிப்போனவளிடம் கொள்கை பேசினால், அதையும் ராகத்தில் சேர்த்து அழுவாள். என்னவோ செய்துகொள் என்று கையைக் கொடுத்துவிட்டு ரமாபாய் வாசலைப் பார்த்தாள்.

வாசலில் ஃபிளெக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பக்தவச்சலம் சிரித்தான். தலைக்கு மேல் 'இன்ஜின் டாக்டர்' என்று கொட்டை எழுத்து. காலுக்குக் கீழே, 'நீ தொட்ட இயந்திரங்கள் ஓடுகின்றன, எங்கள் கண்ணீரும் ஓடுகிறது.' மெக்கானிக் சங்கச் செயலாளர் வேலப்பன் எழுதிக் கொடுத்த வாசகம். வேலப்பன் தன் படத்தையும் ஓரத்தில் போட்டுக்கொண்டிருந்தான், செத்தவன் படத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னதாக.

டாக்டராம். கல்யாணமான நாளிலிருந்து ரமாபாய் கேட்டுக்கொண்டிருக்கும் பட்டம் அது. இந்த டாக்டரின் ஷெட்டில் ஒரு மைக்ரோமீட்டர் கிடையாது. கிராங்க் ஷாஃப்டைக் கழற்றி வெளியே எடுப்பான், பேரிங் உட்காரும் இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டுவான், கண்ணை மூடுவான், "தோ, கண்ணாடி மாதிரி கீது," என்பான். பார்த்துக்கொண்டிருக்கும் வண்டிக்காரனுக்குப் புல்லரித்துப்போகும். நகத்துக்குக் கீறல் தெரியும், தேய்மானம் எங்கே தெரியும்? உருண்டையாக இருக்க வேண்டியது முட்டை வாக்கில் தேய்ந்துபோயிருந்தால், மேலும் கீழுமாக ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை, அந்த ஓரம் இந்த ஓரம் என்று மைக்ரோமீட்டர் பிடித்தால்தான் பிடிபடும். தண்டையார்பேட்டையில் ஒரு கிராங்க் கிரைண்டிங் பட்டறையில் ரமாபாய்க்கு அதுதான் வேலை. கூட்டிப் பெருக்கச் சேர்ந்தவள் அளவு பிடிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது அவள் அளந்து சொல்லாமல் எதுவும் மிஷினில் ஏறாது. "கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா, பழைய கஸ்டமரு," என்று முதலாளியே குழைந்தாலும் இல்லாத ஓர் அளவு அவள் வாயிலிருந்து வந்ததில்லை.

ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் ஒரு சின்னத் திரை. உள்ளே எவ்வளவு குளிர் என்பது அதில் சிவப்பு எண்ணாக மின்னியது. ஆயுசு முழுக்க ஓர் எண்ணையும் நம்பாத மனுஷன், இப்போது எண்ணுக்கு அடியில் படுத்திருக்கிறான். ரமாபாய்க்குச் சிரிப்பு வரப்பார்த்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து இரண்டு பேர் முதுகைத் தடவிவிட்டார்கள்.

ஒருவழியாக வளையல் ஏறியது. தோல் உரிந்து எரிந்தது.

சௌக்கத் அலி வந்தது அப்போதுதான். ராயபுரத்துக்காரர், சொந்தமாக டாக்ஸி ஓட்டுகிறவர், செத்தவனுக்குப் பழைய தோஸ்து. பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"நேத்து சாய்ங்காலந்தான் தங்கச்சி, என் வண்டி இன்ஜினப் பூட்டி முட்ச்சிட்டு ஃபோன் பண்ணாரு. 'காலைல வந்து சாவி எட்த்துக்கோ பாய், இன்னும் பத்து வருஷத்துக்கு நீ பானட்ட தெறக்க வேணாம்'னு சொன்னாரு."

ரமாபாய் தலையாட்டினாள். பத்து வருஷமாம். வாய் மட்டும் இல்லையென்றால் இந்த மனுஷனை நாய்கூடச் சீந்தியிருக்காது.

"என் வூட்டுக்காரி தாஹிராவோட அக்கா வூட்ல விசேசம், நாயுடுபேட்டைல. நான், தாஹிரா, பொண்ணு ஷாஸியா. அடக்கத்த முட்ச்சிட்டு நேரா கெளம்ப வேண்டிதான். வேற வண்டில போலாம்னு தாஹிரா சொன்னா. எதுக்கு, என் தோஸ்து கையால பூட்டின வண்டில போவலாம்னு சொல்ட்டேன்."

ரமாபாய் மறுபடியும் வாசலை எட்டிப் பார்த்தாள். வெளியே, ஃபிளெக்ஸுக்கு அந்தப் பக்கம், வெள்ளை டாக்ஸி கழுவித் துடைத்து நின்றது. அந்த வண்டியின் கிராங்க் நாலு நாளைக்கு முன்னால் அவள் கைக்கு வந்த கிராங்க்தான். அளந்து பார்த்தாள். குறுக்கே பிடித்தால் நாலு தவ், அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் நாலு பங்கு, குறைந்தது. ஓவல். கிரைண்டிங் போட்டு அடுத்த சைஸ் பேரிங் போட வேண்டும், வேறு வழியே கிடையாது. அதை அவள் சொன்னபோது பக்தவச்சலம் பட்டறை வாசலில் பீடியோடு நின்று சிரித்தான்.

"நாலு தவ்வா? ஒரு மயிரு தடிமன் கூட வராதேமே."

"மயிரு தடிமன்தான்யா அங்க எல்லாமே. அத்தோட பூட்டினா தட்டும். அப்பால ஜாம் ஆய்டும்."

"பொண்டாட்டி அளந்து சொல்லி நான் இன்ஜின் பூட்டணுமா? மார்க்கெட்ல எவனும் என்னிய மதிக்க மாட்டான்." கிராங்கை அப்படியே தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டான். வேறு எவன் அளந்து சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை எடுத்து டம்ளரின் அடியால் தேய்த்து நீவிக்கொண்டிருந்தான். பீடி குடிக்கிறவனுக்குச் சிகரெட் பெட்டி எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை. பேரிங்குக்கு முதுகுப் பக்கமாக அந்தத் தாளை வைத்துப் பூட்டினால் தளர்ச்சி போய் இறுகிக்கொள்ளும். வண்டிக்காரன் காதுக்கு இன்ஜின் பட்டு மாதிரி ஓடும். ஆயில் சூடேறித் தண்ணீராக இளகும் வரைக்கும்தான் அந்தப் பவுசு. அப்புறம் உள்ளே தட்டும். தட்டத் தட்டத் தாள் நைந்து, பேரிங் சுழன்று, இன்ஜின் ஒரே பிடியாகப் பிடித்துக்கொள்ளும். அது ஷெட் வாசலில் நடந்தால் அவமானத்தோடு போகும். நெல்லூர் ரோட்டில், பின்னால் கன்டெய்னர் லாரி முட்டிக்கொண்டு வரும்போது நடந்தால்?

சொல்லிவிடலாம். 'பாய், எடுக்காதீங்க, அந்த ஆளு தாளு வெச்சிப் பூட்டியிருக்காரு.' வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் வேலப்பன் மைக்கைத் தட்டினான்.

"அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே. நம்ம தெரு வழக்கப்படி, நம்ம டாக்டர் அண்ணன் கடைசியா பூட்டுன இன்ஜின ஸ்டார்ட் பண்ணி, அந்த சத்தத்தோட அவர வழியனுப்பி வைப்போம். சௌக்கத் பாய் வண்டி தயாரா கீது."

அது அந்த ஷெட் வரிசைக்கே உள்ள வழக்கம். மெக்கானிக் செத்தால் அவன் கையால் கடைசியாகப் பூட்டிய இன்ஜினை வாசலில் ஓடவிட்டு, பிணம் தூக்கும்போது ரேஸ் கொடுப்பார்கள். மற்ற தெருக்களில் பட்டாசு வெடிப்பதைப் போல. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சாவுக்கு வந்த மெக்கானிக்குகள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ரமாபாய் வாயை மூடிக்கொண்டாள். அவள் எதற்குச் சொல்ல வேண்டும்? இன்ஜினே சொல்லட்டும். சூடேறட்டும், இந்த வேலப்பன், இந்த ஃபிளெக்ஸ், இந்த ஊர் எல்லோருக்கும் முன்னால் தட்டட்டும். டாக்டரின் லட்சணம் வெளியே வரட்டும். சௌக்கத் பாயும் பிழைத்துக்கொள்வார். அவள் நெஞ்சில் ஒரு சந்தோஷம் எழுந்தது. புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இப்படி ஒரு சந்தோஷமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆமாம், அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

காலையிலேகூட அவன் திருந்தவில்லை. எழுந்து உட்கார்ந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். பனியன் வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது.

"ஆஸ்பத்திரிக்கிப் போலாம், ஏந்திரி. ஆட்டோ கூப்புடறேன்."

"கேஸுமே. சோடா குட்ச்சா சரியாப் பூடும்."

"பிரஷரு பாரு, பாருன்னு எத்தினி தபா சொல்லிகினு கீறேன்."

அந்த வலியிலும் உதட்டைக் கோணிக்கொண்டு பட்டறை வாசலில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தான். "இன்னாமே, நெஞ்சயும் அளக்கப் போறியா? போ, போய் சோடா வாங்கினு வா."

அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. அவள் முனைக் கடைக்குப் போய் சோடாவோடு திரும்பியபோது சுவரில் சாய்ந்து வாய் திறந்து கிடந்தான். அப்போது அவளுக்கு முதலில் வந்தது ஆத்திரம். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "யோவ், யோவ்," என்று அதட்டினாள். எதிலும் தான் சொன்னதே சரி என்று ஆக்கிவிட்டுப் போகிறவன், இதில் மட்டும் அவள் சொன்னதைச் சரியாக்கிவிட்டுப் போயிருந்தான்.

மாலை வெயில் இறங்கியதும் பெட்டியைத் திறந்தார்கள். குளிப்பாட்டினார்கள், வாய்க்கரிசி போட்டார்கள். வேலப்பன் மைக்கை யாரிடமோ கொடுத்துவிட்டு டாக்ஸியின் டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருகினான். ஒரே இழுப்பில் பற்றிக்கொண்டது. இழைத்து வைத்ததைப்போல ஒரு சத்தம். கூட்டம் 'ச்சு' கொட்டியது.

"கேட்டியா, தையல் மிஷினு ஓடற மாதிரி கீது," என்று யாரோ சொன்னார்கள். சௌக்கத் அலி பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பெருமையும் துக்கமும் கலந்திருந்தன. பெற்ற பிள்ளையை மேடையில் ஏற்றிவிட்டவர் மாதிரி இருந்தார் மனுஷன். பார்க்கவே சகிக்கவில்லை.

பாடை கட்டி முடிய நேரம் எடுத்தது. பூ போதவில்லை என்று ஒரு சண்டை, எந்தப் பக்கம் யார் தோள் கொடுப்பது என்று ஒரு சண்டை. அந்த நேரம் முழுக்க வேலப்பன் விட்டு விட்டு ரேஸ் கொடுத்துக்கொண்டிருந்தான். ரமாபாய் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாரில் அடித்துக்கொண்டவர்கள், மேளக்காரர்கள், குழந்தை அழுகை எல்லாவற்றையும் ஒதுக்கி இன்ஜினை மட்டும் கேட்டாள். சூடேறுகிறது. ஆயில் இளகுகிறது.

வந்தது.

வேலப்பன் ரேஸ் கொடுத்துக் காலை எடுத்த இடத்தில், அடியில், டொக். அடுத்த ரேஸில் டொக், டொக். சந்தேகமே இல்லை. அவள் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். இப்போது தெரிய வேண்டும், இந்த முகங்களில் தெரிய வேண்டும்.

தெரிந்தது. டாக்ஸிக்கு இந்தப் பக்கம் நின்ற சுயம்புவின் காதில் அது விழுந்துவிட்டது. எதிர் ஷெட் மெக்கானிக் அவன், இன்ஜின் வேலையில் முடி நரைத்தவன். அவன் வேலப்பனைப் பார்த்தான். வேலப்பன் அவனைப் பார்த்தான். வரிசையாக நின்ற மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகத் தரையைப் பார்த்தார்கள். அப்புறம் சுயம்பு மேளக்காரர்கள் பக்கம் திரும்பி, ஓங்கி அடி என்று கையைக் காட்டினான். மேளம் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. டொக் சத்தம் அதில் அமுங்கிப்போனது.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இன்றைக்கு அல்ல, என்றைக்குமே தெரிந்திருக்கிறது. ஒருத்தன் தாளை இன்னொருத்தன் மூடி, ஒருத்தனை இன்னொருத்தன் டாக்டர் என்று கூப்பிட்டுக்கொண்டு, கூட்டுக் களவாணிகள். இவர்களை நம்பித்தான் வடசென்னையில் பாதி வண்டி ஓடுகிறது. ரமாபாய்க்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. சௌக்கத் அலி மட்டும் ஒன்றும் தெரியாமல் பானட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

பாடையைத் தூக்கினார்கள். வேலப்பன் காலை அழுத்தி மிதித்தான்.

ரமாபாய் எழுந்தாள். "குந்துமே, எங்க போற," என்று சொக்கம்மாள் முந்தானையைப் பிடித்தாள். அவள் உதறிக்கொண்டு நடந்தாள். தாலியறுக்க வேண்டியவள் தெருவில் இறங்கி நடப்பதைப் பார்த்துக் கூட்டம் வழிவிட்டது. டாக்ஸியின் ஜன்னலுக்குள் கையை விட்டாள். ஏறாமல் ஏற்றிய வளையல்களில் ஒன்று கதவில் பட்டு உடைந்தது. வேலப்பனின் மடிக்கு மேலாகக் கையை நீட்டிச் சாவியைத் திருகி உருவிக்கொண்டாள். இன்ஜின் ஓர் உதறலோடு நின்றது. என்ன ஏது என்று தெரியாமல் மேளமும் நின்றது.

"அண்ணி," என்றான் வேலப்பன். கால் இன்னும் பெடலில் இருந்தது.

"போதும். எட்த்துகினு போங்க."

சௌக்கத் அலி வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தார். "இன்னா தங்கச்சி, இன்னா ஆச்சி? சாவியக் குடும்மா. நான் அப்டியே பின்னாடி வண்டில வர்றேன்."

"வண்டி வேணாம் பாய். மறுபடியும் பிரிக்கணும். கிராங்க் ஓவலு."

"யாரு சொன்னாங்க?"

இதற்காகத்தானே காத்திருந்தாள். தெரு முழுக்க அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. தோளில் ஏறிய பாடை அங்கேயே நின்றது. நாலு பேரின் உயரம் ஒன்றுபோல் இல்லாததால் பக்தவச்சலத்தின் தலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. தாடையைக் கட்டிய துணி நெகிழ்ந்து வாய் லேசாகத் திறந்திருந்தது. சுயம்பு அவள் வாயையே பார்த்தான்.

"அவருதான் சொன்னாரு," என்றாள் ரமாபாய்.

அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது.

"காலைல, வலி வந்தப்போ. 'பாய் வண்டியக் குடுக்காதமே, அளவு தப்பா கீது, நான் சரியாப் பாக்கல. கிரைண்டிங் போட்டு மறுபடி பூட்டணும்'னு சொன்னாரு. அதான் கடைசியா பேசுனது. அப்பால பேச்சில்ல."

சௌக்கத் அலி கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "உசுரு போறப்பக்கூடவா," என்றார்.

வேலப்பன் சீட்டிலிருந்து குதித்து மைக்கைப் பிடுங்கினான். "கேட்டீங்களா மக்களே? உசுரு போற நேரத்துலகூட கஸ்டமரு வண்டியப் பத்தி பேசிட்டுப் போயிருக்காரு எங்க அண்ணன். இப்டி ஒரு தொழிலாளிய இந்த திருவொற்றியூரு இனிமே எங்க பாக்கப்போது?" அவன் குரல் நிஜமாகவே உடைந்தது. சற்றுமுன் அந்தத் தட்டலைக் கேட்ட அதே காது, அதே ஆள். கூட்டம் ஒரேயடியாக அழுதது. சுயம்பு மட்டும் அவளை ஒரு தடவை நேராகப் பார்த்துவிட்டு, பாடைக்குத் தோள் கொடுக்கப் போனான்.

பொய் ஒன்று சொன்னதற்கு அந்த ஆளைத் தெய்வமாக்கிவிட்டார்கள். ஃபிளெக்ஸில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ரமாபாய் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். நாளை மறுநாள் பட்டறைக்குச் சொல்லியனுப்பி அந்த இன்ஜினை இறக்க வேண்டும். தாளை யார் கண்ணிலும் படாமல் அவளே எடுத்துவிட வேண்டும். செத்தும் தனக்கு வேலை வைத்துவிட்டுப் போகிறான் என்று நினைத்தாள்.

மேளம் தெருமுனையைத் தாண்டித் தேய்ந்தது. ஆண்கள் எல்லாம் சுடுகாட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் பின்கட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொண்டு போனார்கள். கடைசியில் தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் ரமாபாயும் சொக்கம்மாளும்தான் மிச்சம். சொக்கம்மாள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். ரமாபாய் அவள் தலையில் தண்ணீர் ஊற்றினாள்.

"ரமா."

"சொல்லு அக்கா."

"வேற இன்னாமே சொன்னான்? என்னப் பத்தி எதுனா சொன்னானா?" குரலே இல்லை, வெறும் காற்று. நாள் முழுக்கத் தெருவையே அழவைத்த தொண்டை அது.

ரமாபாய் மக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஈரப் புடவையில் குறுகி உட்கார்ந்திருந்தவளின் முதுகெலும்பு தெரிந்தது.

"கேட்டாரு. அக்கா துன்னுச்சானு கேட்டாரு."

சொக்கம்மாள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அதில் ராகம் இல்லை. ரமாபாய் இன்னொரு மக் ஊற்றி, முதுகைத் தேய்த்துவிட்டு, துண்டை எடுத்துக் கொடுத்தாள். சொக்கம்மாள் தலையைத் துவட்டிக்கொண்டே எழுந்தாள். போகப்போனவள் நின்றாள்.

"ஒன்னப் பத்தி இன்னா சொன்னான்?"

ரமாபாய் டிரம்மில் மக்கை முக்கினாள். நிரம்ப மொண்டு தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். மறுபடியும் முக்கினாள்.